ஐந்து வகுப்புக்கும் ஒரு நுண்ணோக்கி: ஈராசிரியர் பள்ளியில் ஃபோல்ட்ஸ்கோப் எவ்வளவு உதவும்?

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால், ஐந்து வயதுப் பிள்ளையும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே அறையில், ஒரே பாயில். தமிழையும் கணக்கையும் நிலை பிரித்து நடத்த, 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளாக ஒரு வழி கிடைத்திருக்கிறது. அறிவியலுக்கு வரும்போதுதான் தடுமாற்றம். ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தினால் மற்ற நான்கும் எதையாவது எழுதிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே பொருளை எல்லார் முன்னாலும் வைத்து, அவரவர் வயதுக்கு ஏற்ற வேலையைப் பிரித்துக் கொடுப்பதுதான் இந்த அறையில் நடக்கக்கூடிய அறிவியல் பாடம். அப்படி நடுவில் வைக்கத் தகுந்த பொருளா ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி என்று பார்க்கலாம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாங்கலாம். ஆனால் பிள்ளைக்கு ஒன்று என்ற கணக்கில் வாங்க வேண்டாம். முப்பது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு இரண்டு போதும். கூடவே ஆறு முதல் எட்டு பூதக்கண்ணாடிகளும் ஆசிரியரின் செல்போனும் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் அருமையான பாடம் நடக்கும். ஃபோல்ட்ஸ்கோப்பை மட்டும் வாங்கினால் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பார்ப்பார்கள், சின்னவர்கள் வரிசையில் நின்று கலைந்துபோவார்கள்.

கருவியைத் தெரியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும், அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த ஜிம் சைபுல்ஸ்கியும் சேர்ந்து உருவாக்கியது இது. மனு பிரகாஷ் மீரட்டில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். வடிவமைப்பை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 2014-இல் வந்தது. பெருமளவில் செய்தால் பாகங்களுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத்தான் ஆகும் என்பது அந்தக் கட்டுரையின் கணக்கு. கடையில் வாங்கும் விலை அதுவல்ல. அந்த எண்ணத்தோடு விலைப்பட்டியலைத் திறந்தால் ஏமாற்றமாக இருக்கும். நீரில் நனைந்தாலும் கிழியாத தாளில் வெட்டுக்கோடு போட்ட பாகங்கள், ஒரு சின்ன கண்ணாடி உருண்டை லென்ஸ், போனோடு ஒட்டவைக்கும் காந்த வளையங்கள், பார்க்கும் பொருளை வைக்கும் காகித ஸ்லைடுகள், இவ்வளவுதான் அடிப்படைத் தொகுப்பு. உருப்பெருக்கம் 140 மடங்கு. 2 மைக்ரான் அளவு வரை பிரித்துக் காட்டும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). பெரிய தொகுப்பில் சிறு எல்.இ.டி. விளக்கும் வரும். மாலையிலும் மழை இருட்டிலும் அது உதவும், பகல் பள்ளிக்கு அவசியமில்லை.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஒரு நாள் தண்ணீர்ச் சொட்டுப் பாடம் நடத்திவிடுங்கள். இதற்குச் செலவே கிடையாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் செய்தித்தாளின் பொடி எழுத்துமேல் வைத்து, ஸ்ட்ராவின் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். சொட்டின் கீழே எழுத்து பெருத்துத் தெரியும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு அதுவே அதிசயம். தங்கள் பெயரின் முதல் எழுத்தைச் செய்தித்தாளில் தேடிக் கண்டுபிடித்துப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். மூன்றாம் வகுப்பு, பெரிய சொட்டு ஒன்றும் சின்ன சொட்டு ஒன்றும் விட்டு எது அதிகம் பெருக்குகிறது என்று ஒப்பிடட்டும். பரந்து தட்டையான சொட்டைவிடக் குட்டியாக உருண்டு நிற்கும் சொட்டுதான் அதிகம் பெருக்கும். விடையை நீங்கள் சொல்ல வேண்டாம். நான்கும் ஐந்தும் படிக்கும் பிள்ளைகளிடம் அதே முடிவைப் பிடித்துக்கொண்டு, "அப்படியானால் இன்னும் பெரிதாகப் பார்க்க எப்படிப்பட்ட லென்ஸ் வேண்டும்?" என்று கேட்டால், குட்டி உருண்டை என்ற இடத்துக்கு அவர்களே வந்துவிடுவார்கள். பதினேழாம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லேவன்ஹுக் குட்டி ஒற்றை லென்ஸை வைத்துத்தான் நீரில் நீந்தும் நுண்ணுயிர்களைப் பார்த்தார் என்பதை அப்போது சொன்னால் அது கதையாக நிற்காது, கையில் இருக்கும் சொட்டோடு சேர்ந்துகொள்ளும்.

மடிப்பதற்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குங்கள். பழகியவர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார், பிள்ளைகளால் முடியாது. ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேர் ஒரு கருவிக்கு. ஒவ்வொரு மடிப்பையும் முதலில் கோட்டின்மேல் மெதுவாக மடக்கி, பிறகு நகத்தால் இரண்டு முறை அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் விட்ட மடிப்பு மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் இடையே இடைவெளி கூடி, எவ்வளவு நகர்த்தினாலும் தெளிவு வராது. "தெரியவே இல்லை சார்" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. இரண்டாவது தவறு, லென்ஸ் பதித்த துண்டை விரலால் தொடுவது. விரல் எண்ணெய் அந்தச் சின்ன உருண்டையில் பட்டால் எல்லாமே பனி மூடியதுபோல் தெரியும். உலர்ந்த, மெல்லிய பருத்தித் துணியின் நுனியால் மெதுவாகத் துடைத்தால் போதும். சேலைத் தலைப்பு, கைக்குட்டை, சாக்பீஸ் தூசி படிந்த துணி எதுவும் வேண்டாம்.

பெரியவர்கள் மடிக்கும்போது சின்னவர்களுக்கு நிஜமான வேலை ஒன்று வேண்டும். பாகங்களை நிறம் பார்த்துப் பிரித்து வரிசையாக வைப்பது, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது, மீந்த காகிதத் துண்டுகளைச் சேகரிப்பது, இவையெல்லாம் முதல் வகுப்பால் முடியும்.

காந்த வளையங்களை மட்டும் அவர்கள் கையில் கொடுக்கவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளை எதையும் வாயில் வைக்கும். இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளில் நின்று ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய குடற்சுவரைத் துளைத்துவிடும். வகுப்பு தொடங்கும்போது எத்தனை வளையம், முடியும்போது எத்தனை வளையம் என்று எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எண்ணிக்கை குறைந்தால் தேடிக் கண்டுபிடிக்கும்வரை யாரையும் வெளியே விட வேண்டாம். கிடைக்காமல் போய், ஒரு பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வயிறு வலிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இனிப் பார்ப்பது எப்படி என்ற விஷயம். இந்தக் கருவியின் பெரிய குறையும் இங்கேதான் இருக்கிறது. ஃபோல்ட்ஸ்கோப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். புருவம் காகிதத்தில் உரச வேண்டும். ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் வெறும் வெளிச்சப் புள்ளிதான் தெரியும். சின்னப் பிள்ளைகள் பலருக்கு ஒற்றைக் கண்ணை மட்டும் மூடத் தெரியாது. இரண்டையும் மூடுவார்கள், அல்லது இரண்டையும் திறந்துவைத்துக் குழம்புவார்கள். பார்க்காத மற்றக் கண்ணை உள்ளங்கையால் மறைக்கச் சொன்னால், கருவியைப் பிடிக்க ஒரு கைதான் மிஞ்சும், நகர்த்தித் தெளிவாக்க முடியாது. எனவே ஒரு அக்காவோ அண்ணனோ கருவியைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதிலும் ஒரு சங்கடம்: அக்காவின் கண்ணுக்குத் தெளிவாக்கி வைத்தது தம்பியின் கண்ணுக்குக் கலங்கலாக இருக்கலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. "தெரியுதா?" என்று கேட்டால் பிள்ளை "தெரியுது" என்றுதான் சொல்லும். டீச்சர் முகம் வாடக் கூடாது என்ற பாசம் அது. அதனால் கேட்காதீர்கள், வரையச் சொல்லுங்கள். பாட்டில் மூடியை நோட்டில் வைத்து ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் பார்த்ததை வரைய வேண்டும். வரைந்த படம் உண்மையைச் சொல்லிவிடும். வளைந்த கறுப்புக் கோடுகள் சில இருந்தால், பிள்ளை பார்த்தது தன் கண்ணிமை முடியை. தடித்த கறுப்பு விளிம்போடு, உள்ளே எதுவும் இல்லாத கச்சிதமான வட்டம் இருந்தால் அது காற்றுக் குமிழி. 'செல்' என்று நினைத்துப் பாராட்டப்படும் படங்களில் காற்றுக் குமிழிக்கே முதலிடம்.

செல்போனைச் சேர்த்தவுடன் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். காந்த வளையத்தைப் போன் கேமராவின்மேல் ஒட்டி, ஃபோல்ட்ஸ்கோப்பை அதில் பொருத்தினால் படம் திரையில் வரும். பின்பக்கம் மூன்று கேமரா உள்ள போனில் எது முதன்மைக் கேமரா என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்: கேமரா செயலியைத் திறந்து, ஒவ்வொரு லென்ஸையும் விரலால் மூடுங்கள். எதை மூடினால் திரை இருள்கிறதோ அதுதான். சில போன்கள் பக்கத்தில் ஏதாவது வந்தவுடன் தாமாகவே வேறு கேமராவுக்கு மாறிவிடும், திரை சட்டென்று கறுக்கும். அமைப்பில் போய், நெருங்கிப் படமெடுப்பதற்கான மேக்ரோ வசதியை நிறுத்திவிட்டால் சரியாகும். கேமரா மேடு உயரமாக இருந்தால் வளையம் சாய்ந்து நிற்கும், படத்தின் ஒரு பாதி மட்டும் தெளியும். தடித்த உறையைக் கழற்றிவிட்டு ஒட்டிப் பாருங்கள். ஸ்மார்ட் வகுப்பறைத் திரை இருந்தால் அதில் காட்டலாம். இல்லாவிட்டால் ஆறு பேர் ஒரு வட்டமாக அமர்ந்து போனைப் பார்ப்பதே போதும். முப்பது பேரையும் ஒரே போனைச் சுற்றி நிற்கவைத்தால் பின்வரிசைக்குத் தெரிவது முன்வரிசையின் தலைதான்.

வெளிச்சத்துக்கு ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லுங்கள், வானத்தையோ வெயில் பட்ட வெள்ளைச் சுவரையோ நோக்கி. சூரியனை நோக்கி ஒருபோதும் கூடாது, பார்வையையே பறித்துவிடும். பூதக்கண்ணாடிக்கும் இதே விதிதான். வெயில் நேரடியாக விழும் வராந்தாவில் இந்தப் பாடத்தை வைக்காமல் இருப்பதே நல்லது.

எதை வைத்துப் பார்ப்பது? எல்லாரும் தொடங்குவது வெங்காயத்தோலில். அதில் ஒரு சின்ன மாற்றம் செய்தால் நேரமும் சாயமும் மிச்சம். பெரிய வெங்காயத்தின் நிறமற்ற உள்தோலை எடுத்தால் செல் சுவர்கள் மங்கலாகத்தான் தெரியும், சாயம் வேண்டும். சின்ன வெங்காயத்தில் காய்ந்த சருகை உரித்தபின் வரும் சதைப்பற்றான இதழின் வெளிப்பக்கம் ஊதாவாக இருக்கும். அந்த இதழை ஒடித்து மெதுவாக இழுத்தால் ஊதாச் சவ்வு ஒன்று கிழிந்து வரும். அரை சென்டிமீட்டர்கூட வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீரை முதலில் வைத்து, அதன்மேல் சவ்வைச் சாய்வாக, ஒரு ஓரத்திலிருந்து இறக்க வேண்டும்; நேராகப் போட்டால் அடியில் காற்று மாட்டிக்கொள்ளும். மடிந்திருந்தால் குச்சியால் விரித்துவிட வேண்டும். ஊதா நிறம் சில செல்களில் நிரம்பியும் சிலவற்றில் இல்லாமலும், செங்கல் அடுக்கியது போன்ற காட்சி. சாயமே தேவையில்லை. உட்கருவையும் காட்ட விரும்பினால், நிறமற்ற உள்தோலில் மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் மருந்தான பெட்டாடின் ஒரு சொட்டுக்கு நான்கு சொட்டுத் தண்ணீர் கலந்து ஆசிரியரே விடலாம். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தால் ஒவ்வொரு அறையிலும் ஒரு பழுப்புப் புள்ளி.

சின்னவர்களுக்கு அதைவிடப் பிடித்தது செம்பருத்தி மகரந்தமாகத்தான் இருக்கும். தண்ணீர் வேண்டாம். ஒளி ஊடுருவும் ஒட்டுப்பட்டையை மகரந்தத்தூள்மேல் லேசாகத் தொட்டு எடுத்து ஸ்லைடில் ஒட்டினால் முடிந்தது. உருண்டை உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளோடு நிற்கும். பூதக்கண்ணாடியில் மஞ்சள் பொடி, ஃபோல்ட்ஸ்கோப்பில் முள்ளுருண்டை. இரண்டும் ஒன்றுதான் என்று புரியும் கணத்துக்காகவே இந்தப் பூவை எடுக்கலாம். அதே ஸ்லைடில் ஒரு தலைமுடியையும் ஒட்டிவிடுங்கள். மகரந்தம் பருமனா, முடி பருமனா, எத்தனை மடங்கு என்று ஐந்தாம் வகுப்பு அளக்கட்டும். உருளைக்கிழங்கைக் கத்தியால் சுரண்டி வந்த சாற்றில் ஒரு துளி, ஒரு சொட்டுத் தண்ணீர்: கூழாங்கல் போன்ற மாவுத் துகள்கள். அதே நீர்த்த பெட்டாடின் பட்டவுடன் கருநீலமாகும். இதில் கத்தி ஆசிரியர் கையில்தான்.

மாவிலை, எறும்பு, பருப்பு, சிறு கல் ஆகியவற்றைப் பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவருவார்கள். ஃபோல்ட்ஸ்கோப்பில் கறுப்பாகத்தான் தெரியும், ஏனென்றால் ஒளி பொருளின் ஊடே வர வேண்டும். அவற்றைப் பூதக்கண்ணாடிக்கு அனுப்புங்கள். எறும்பின் கால் ஒன்று தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் இங்கே. இந்தப் பிரிப்பையே மூன்றாம் வகுப்பின் வேலையாக்கிவிடலாம்: ஒவ்வொரு பொருளையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, வெளிச்சம் வந்தால் ஒரு தட்டு, வராவிட்டால் இன்னொரு தட்டு.

இந்தக் கருவியை வைத்துச் செய்யக் கூடாத பாடம் ஒன்று: "கையில் உள்ள கிருமியைப் பார்க்கலாம்." கை கழுவும் பாடத்தில் இதைச் சேர்க்க ஆசை வரும். பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 1 மைக்ரான் பருமன்தான், இந்த லென்ஸின் எல்லைக்கு வெளியே. அழுக்குத் துகளையும் தோல் செதிளையும் காட்டி இதுதான் கிருமி என்று சொன்னால், பிள்ளை வாழ்நாள் முழுக்க அந்தப் பொய்யைச் சுமக்கும். தயிரிலும் அப்படித்தான், அங்கே உருண்டையாகத் தெரிவது கொழுப்புத் துளி. "இந்தக் கண்ணாடிக்கும் எட்டாத அளவு சின்னது கிருமி" என்று உள்ளதைச் சொல்வதே நல்ல அறிவியல். இன்னொன்று, பேன். அருமையாகத் தெரியும், உண்மைதான். ஆனால் அது யார் தலையிலிருந்து வந்தது என்று வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை அன்று வீட்டுக்கு அழுதுகொண்டு போக வேண்டுமா?

நாற்பது நிமிடத்தில் ஐந்து வகுப்பும் இப்படி ஓடலாம். முதல் பத்து நிமிடம் எல்லாரும் சேர்ந்து: பொருளைத் தொட்டு, முகர்ந்து, வெறுங்கண்ணால் பார்த்து ஒரு படம். அடுத்த இருபது நிமிடம் ஆறு ஆறு பேராகக் கலந்த குழுக்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஆள் இருக்க வேண்டும். இரண்டு குழு ஃபோல்ட்ஸ்கோப்பில், மற்றவை பூதக்கண்ணாடியில். பத்து நிமிடத்தில் இடம் மாறும். நான்கு குழுவுக்கு மேல் இருந்தால் மீதிக்கு மறுநாள் முறை. ஒரு போன்தான் இருக்கிறது என்றால் அதையும் குழுக்களுக்கிடையே மாற்றிக்கொள்ளுங்கள். போன் இல்லாத நேரத்தில் பெரியவர் பிடித்துக் கொடுக்கச் சின்னவர் பார்ப்பார். ஐந்தாம் வகுப்பு ஸ்லைடு செய்து தெளிவாக்கும். எதைப் பார்ப்பது, எந்த ஓரத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்யும் உரிமை ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு. இந்த உரிமையைக் கொடுக்காவிட்டால் அண்ணன்மார் கருவியைக் கையிலிருந்து விடமாட்டார்கள், தம்பி தங்கைகள் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள். கலப்பு வயது வகுப்பில் நடக்கும் தவறுகளில் இதுவே மோசமானது, வெளியே பார்க்க ஒழுங்காகவும் தெரியும். கடைசிப் பத்து நிமிடம் முதல் படத்தையும் இரண்டாம் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசுவது. சின்னவர்கள் வாயால், மூன்றாம் வகுப்பு பெயர் எழுதி, நான்கும் ஐந்தும் இரண்டு மூன்று வரி எழுதி.

முழுப் பள்ளிக்கும் பிள்ளைகள் பத்துப் பேருக்குள் என்றால் ஒரு ஃபோல்ட்ஸ்கோப்பே போதும். நான்காம், ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகளே இல்லாத ஆண்டில் வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு நல்ல பூதக்கண்ணாடிகள் வாங்குங்கள். பக்கத்து நடுநிலைப் பள்ளியிலிருந்து கூட்டு நுண்ணோக்கியை இரவல் வாங்கிவந்தால் படம் இதைவிடத் தெளிவாக இருக்கும். ஆனால் அதற்கு ஆடாத மேசை வேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், குளத்தங்கரைக்குக் கொண்டுபோக முடியாது.

வாங்கும் காலமும் முக்கியம். வெயில் காலத்தில் வாங்கினால் குளத்து நீர் இல்லை, பாசி இல்லை, ஆர்வம் வெங்காயத்தோடு நின்றுவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் கருவி கையில் இருந்து, மடித்துப் பழகியிருக்க வேண்டும். மழை விட்டுச் சில நாளில் பள்ளி மதிலின் நிழல் பக்கத்தில் பச்சை வெல்வெட் போலச் சுவர்ப்பாசி முளைக்கும். அதன் இலை பெரும்பாலும் ஒரே ஓர் அடுக்குச் செல்லால் ஆனது. வெட்ட வேண்டாம், உரிக்க வேண்டாம், சாயம் வேண்டாம். ஒற்றை இலையைக் கிள்ளி ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்தால் பச்சையம் நிறைந்த அறைகள் வரிசை வரிசையாகத் தெரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே கிள்ளிக் கொடுக்கலாம். குளத்து நீர் எடுப்பதானால் நடுவில் தெளிந்திருப்பதை எடுக்காமல், பெரியவர் ஒருவர் இறங்கி, கரையோரக் கல்லில் வழவழப்பாக ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுத்துவர வேண்டும். அதில் ஒரு சொட்டு வைத்து, பஞ்சிலிருந்து நாலைந்து இழை பிரித்துப் போடுங்கள். ஓடிக்கொண்டே இருக்கும் உயிர்கள் அந்த இழைகளுக்குள் சிக்கி வேகம் குறைந்து, சின்னவர்களும் பார்த்து முடிக்கும்வரை கண்ணெதிரே நிற்கும்.